கரவெட்டி – ஒஸ்லோ குடும்பம்: ஜூலையில் பனி

ஞாயிறு

சுதா (கரவெட்டி): விசா வந்துவிட்டது!! நாலு பேருக்கும். ஜூன் 28 அங்கே நிற்போம்.

வதனி: நல்லூரானே. இப்போதுதான் மூச்சு வருகிறது.

யாழினி: சித்தீ ❤️

சிவம்: சந்தோஷம். ஒடியல் மா மறக்காதே.

சுதா: மறக்க மாட்டேன் பெரியண்ணா. ஆனால் இங்கே ஒரு சிக்கல். பெரியவன் தான் பனியில் சறுக்கப் போவதாக வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பொங்கலுக்கு ரவி அண்ணா அனுப்பிய வீடியோ பார்த்த நாளிலிருந்து இதே கதை.

குகன்: ஜூலையில் 25 பாகை இருக்கும். ரீசேட் கொண்டு வாங்கோ.

சுதா: அப்போ பனி?

ரவி: இருக்கும். நான் ஒரு திட்டம் யோசித்து வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு விளக்கமாக எழுதுகிறேன்.

யாழினி: ஐயோ

அபி: ஐயோ

வதனி: எழுது. அதற்கு முதல் கல்யாண மண்டபத்து மிச்சக் காசைக் கட்டு. வெள்ளி கடைசி நாள்.

ரவி: எல்லோரும் முழுதாக வாசித்துவிட்டுக் கதைக்கவும். அத்தான் வீட்டுத் தொடர்மாடிக்குப் பின்னால், கராஜ் சுவரோடு, ட்ராக்டர் தள்ளிவிட்ட பனி ஆள் உயரத்துக்குக் கிடக்கிறது. வடக்குப் பக்கம், வெயில் படாது. அதை இன்னும் கூட்டிக் குவித்து, மரத்தூளால் மூடிவிட்டால் கோடையிலும் கிடக்கும். கற்பனை இல்லை. சுவிட்சர்லாந்தில் டாவோஸில் இதை வழமையாகச் செய்கிறார்கள். 40 சென்ரிமீற்றர் தடிப்புக்கு மரத்தூள். கோடை முடிய அளந்து பார்த்தால் ஏறத்தாழ முக்கால்வாசி மிச்சம், ஆய்வுக் கட்டுரையே இருக்கிறது. சுவீடனில் ஒஸ்டர்சுண்டிலும் இப்படிச் சேமித்த பனியை விரித்துத்தான், புதுப்பனி விழ முதலே சறுக்குப் பாதை போடுகிறார்கள். மரத்தூள் வெளிச் சூட்டை உள்ளே விடாது. அதோடு, உருகும் தண்ணீரை உறிஞ்சி மேலால் ஆவியாக விடும், ஆவியாகும்போது கீழே குளிரும். எங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்ந்தது போலத்தான். (தொடரும்)

பவா (டென்மார்க்): தொடருமா?

ரவி: ஜூலை 11 கல்யாணம். 12 காலை மரத்தூளை வாரிவிட்டு, பலகைகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஏறலாம். டுக்னாட் வைத்து எல்லோருமாகக் குவித்தால் செலவு பூச்சியம்.

சுதா: டுக்னாட் என்றால்?

சிவம்: சிரமதானம்.

யாழினி: சின்ன மாமா, இதற்குள் என் கல்யாணம் இரண்டு சொல்லில் வந்து போகிறது.

குகன்: அந்தப் பனிக்குள் இருப்பது சரளைக் கல்லும் நாய் மூத்திரமும்.

ரவி: மேல்பகுதி சுத்தம் அத்தான்.

குகன்: கராஜ் பொது இடம். நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும்.

ரவி: நீங்கள்தானே நிர்வாகக் குழு?

குகன்: அதனால்தான் சொல்கிறேன்.

சிவம்: 86இல் நான் நோர்வேயின் வடக்குக் கோடியில், வார்டோவில் மீன் தொழிற்சாலையில் நின்றபோது மே மாதத்திலும் வாசலில் பனி வெட்டினோம். மரத்தூளும் இல்லை, ஒன்றும் இல்லை.

அபி: போன தடவை ஏப்ரல் என்றீர்கள் அப்பா.

சிவம்: ஏப்ரலிலும் வெட்டினோம்.

பவா (டென்மார்க்): ஏன் கஷ்டப்படுகிறீர்கள், கோபன்ஹேகன் வாங்கோ. குப்பை எரிக்கிற ஆலையின் கூரையில் சறுக்கலாம். 2019இல் திறந்தது. பனியே தேவையில்லை, பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பு.

வதனி: குப்பை மேலேயா?

பவா (டென்மார்க்): கூரை மேலே அக்கா. பக்கத்தில் கடல் தெரியும், காற்று நல்லது.

சுதா: டென்மார்க்குக்கு வேறு விசா வேண்டுமா?

குகன்: வேண்டாம். இதே ஷெங்கன் விசா அங்கேயும் செல்லும்.

வதனி: கல்யாணத்துக்கு வருகிற சனத்தை டென்மார்க்குக்கு இழுக்காதேங்கோ. பவா, நீ முதலில் வருகிறாயா இல்லையா? எத்தனை பேர்?

பவா (டென்மார்க்): சொல்கிறேன் அக்கா.

வதனி: போன வருடமும் “சொல்கிறேன்” தான்.

அபி: சித்தப்பா, டாவோஸ் குவியல் ஆயிரக்கணக்கான கன மீற்றர். பனி வெளிப்பக்கத்திலிருந்துதான் உருகும். அவ்வளவு பெரிய குவியலில் சுற்றிவர ஒன்றிரண்டு மீற்றர் போனாலும் நடுவில் மலை நிற்கும். எங்களுடையது மொத்தமே இரண்டு மீற்றர்.

ரவி: அப்படியென்றால் மரத்தூளை 80 ஆக்குவோம்.

அபி: டாவோஸ் 1500 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். கோடையிலும் இரவு குளிரும். இத்தாலிப் பக்கம் மார்ட்டெல்லில் அதே முறையில் செய்தும் 63 வீதம்தான் மிஞ்சியது.

ரவி: நீ படிப்பது கட்டடமா, பனியா?

அபி: கட்டடம். வெப்பக் காப்பு ஒரு பாடம்.

சிவம்: 👏

ரவி: சரி, ஒரு கேள்வி. 1840களில் மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்களே, அதற்குள் இருந்த ஐஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் போஸ்டன் பக்கத்துக் குளங்களில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்காகக் கப்பலில் வந்தது. அந்தக் கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். இங்கே நோர்வேயிலிருந்தும் லண்டனுக்குக் கப்பல் கப்பலாக ஐஸ் போனது. பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்டின ஐஸ் மெட்ராஸ் வெயிலில் நின்று பிடித்தது. நம்முடைய கராஜ் நிழலில் நிற்காதா?

அபி: 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது 180 தொன். சேர்ந்தது ஏறத்தாழ 100.

ரவி: 100 சேர்ந்ததுதானே!

குகன்: அது கட்டி ஐஸ். இது கல்லும் பனியும்.

யாழினி: இங்கே ஒருவருக்கு மாமாவின் திட்டம் பிடித்துவிட்டது. ஜூலை வெயிலில் கூறைச் சேலையோடு சறுக்குப் பலகையில் இருந்து ஒரு படம் எடுக்க வேண்டுமாம். 😂

வதனி: மாப்பிள்ளையா சொன்னவர்?

யாழினி: வேறு யார்?

வதனி: கூறையில் மரத்தூள் ஒட்டினால் யார் தட்டுவது?

யாழினி: ஒரே ஒரு படம் அம்மா.

வதனி: தாலிக்குப் பொன்னுருக்குக்கே இன்னும் நாள் எடுக்கவில்லை.

பவா (டென்மார்க்): பனியுருக்குக்கும் சேர்த்து எடுங்கோ.

வதனி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பவா (டென்மார்க்): நான் வாசித்துவிட்டேன் அக்கா.

குகன்: லோரன்ஸ்கூக்கில் “ஸ்னோ” என்று உள்ளரங்கச் சறுக்கு மண்டபம் இருக்கிறது. 2020இல் திறந்தார்கள். வருடம் முழுக்க உள்ளே பூச்சியத்துக்குக் கீழே, ஏறத்தாழ 500 மீற்றர் சறுக்கு. பஸ்ஸில் போகலாம். கதை முடிந்தது.

ரவி: கூரைக்குள் சறுக்குவதும் ஒரு சறுக்கா? வானம் தெரியாது.

சுதா: வானம் இங்கேயே இருக்கிறது அண்ணா. பிள்ளைகள் கேட்பது பனி.

ரவி: நாலு பேருக்கு ரிக்கெற், சப்பாத்து வாடகை, தலைக்கவசம். கணக்குப் பார்த்தீர்களா?

வதனி: நீ தருவதாகச் சொன்னாய் என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டாள். நீயே பார்.

சுதா: நான் அப்படிச் சொல்லவில்லை அக்கா. “மாமா பார்ப்பார்” என்றேன்.

சிவம்: உண்மையான பனி வேண்டுமென்றால் கால்ஹோப்பிகன். நாட்டின் உயர்ந்த மலை. பனியாற்றின் மேலே கோடையில்தான் சறுக்கவே விடுவார்கள், குளிர்காலத்தில் மேலே போகிற வீதி பூட்டு.

அபி: சூடு கூடின வருடங்களில் நடுக்கோடையிலேயே மூடுகிறார்கள் அப்பா. மேல்பனி போய் ஐஸ் தெரிய ஆரம்பித்துவிடும்.

ரவி: விடிய வெளிக்கிட்டால் ஐந்தாறு மணித்தியாலம். கூரைப் பெட்டி பூட்டினால் சாமான் எல்லாம் போகும்.

குகன்: எந்தக் கூரைப் பெட்டி?

ரவி: இருக்கிறதே, கறுப்பு.

குகன்: அது என்னுடையது. இரவல் வாங்கினாய்.

ரவி: அத்தான், இதைக் குழுவில் கதைக்க வேண்டாம்.

குகன்: தனியாக எழுதினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

யாழினி: அப்பா 🙈

சிவம்: 🎤 குரல் பதிவு (3:41)

அபி: அப்பாவின் பதிவைக் கேட்க நேரம் இல்லாதவர்களுக்கு: வார்டோ, வார்டோ, பெட்டியைத் திருப்பிக் கொடு, வார்டோ.

ரவி: தருகிறேன். இப்போது முக்கியமான விஷயம். மரம் அரிகிற ஒரு இடத்தில் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். மரத்தூள் இலவசம். ட்ரெய்லர் மட்டும் வேண்டும்.

வதனி: ஏற்கெனவேயா? யாரைக் கேட்டுக் கேட்டாய்?

ரவி: சும்மா விசாரித்தேன். சனிக்கிழமை கொண்டுவந்து இறக்கலாம்.

வதனி: எங்கே இறக்குவாய்? விருந்தினர் கார் விடுகிற இடத்திலா? ஜூலை வரைக்கும் அங்கே ஒரு மரத்தூள் மலையா? மாப்பிள்ளை வீட்டார் அடுத்த கிழமை வருகிறார்கள்.

ரவி: பனிக்கு மேலே போட்டால் அது பனிமலை அக்கா. இன்னொன்றும் யோசித்தேன், பக்கத்து வீட்டு நோர்வேக்காரரும் சேருவார்கள். தார் ரோட்டில் சில்லு வைத்த ஸ்கி பூட்டிக்கொண்டு கோடை முழுக்க ஓடுகிற சனம் இது, இதற்கு வர மாட்டார்களா? ஒரு பக்கம் றோல்ஸ், வடை வைத்தால்

வதனி: வடை யார் சுடுவது?

ரவி: அதைப் பிறகு பார்ப்போம்.

வதனி: அதுதானே பார்த்தேன்.

ரவி: வாக்கெடுப்பு போடுகிறேன்.

📊 ஜூலையில் பனி எங்கே?
கராஜ் மரத்தூள்: 3
லோரன்ஸ்கூக் ஸ்னோ: 5
கால்ஹோப்பிகன்: 2
கோபன்ஹேகன் கூரை: 1

அபி: எட்டுப் பேர் இருக்கிறோம், 11 வாக்கு.

பவா (டென்மார்க்): நான் எல்லாவற்றுக்கும் போட்டேன்.

சிவம்: நான் எங்கே அமத்துவது? அமத்தினேன். இரண்டு விழுந்துவிட்டது.

யாழினி: மரத்தூளுக்குப் போட்டது நான்தான் அம்மா. படத்துக்காக.

ரவி: பார்த்தீர்களா, மணமகளின் ஆதரவு. அத்தான், ஒரு சின்னக் குவியல், பரீட்சார்த்தமாக. மே மாதத்தில் திறந்து பார்ப்போம். கரைந்தால் மரத்தூளைப் பூச்செடிக்குப் போடலாம்.

குகன்: வியாழக்கிழமை கூட்டம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். நான் ஆதரவு என்று எங்கேயும் எழுதாதே.

ரவி: நன்றி அத்தான் 🙏 அத்தான் ஆதரவு.

குகன்: பெட்டி.

ரவி: சனிக்கிழமை, ட்ரெய்லரோடு.

வதனி: ட்ரெய்லருக்கு நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.

சுதா: இங்கே சின்னவனும் எழும்பிவிட்டான். எதற்கும் கேட்கிறேன், அவனுக்குச் சப்பாத்து 31. அங்கே யாரிடமாவது பழைய பனிச் சப்பாத்து இருக்கிறதா?

அபி: என்னுடையது அம்மாவின் அலுமாரிக்குள் கிடக்கும் மாமி. ஊதா நிறம், பூப் போட்டது.

சுதா: பூவா? போட மாட்டான். கேட்டுச் சொல்கிறேன்.