வீட்டில் ரீஃப் தொட்டி: சென்னையில் வைத்திருப்பவர்கள் சொல்வது

உப்புத்தண்ணி:
மீன் நீந்துறதைப் பார்க்கத்தான் ஆசைன்னா கப்பியும் ஏஞ்சலும் போதும்ங்க, செலவும் ரொம்பக் குறைவு. கடல் உப்புத் தண்ணியில் பாறையும் உயிருள்ள பவளமும் வைக்கிற ரீஃப் தொட்டியில் ஆளை இழுக்கிறதே பாறைதான். விளக்கு அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு சிவப்பு டார்ச் அடிச்சுப் பாருங்க. பகல்ல கண்ணில் படாத கோப்பிபாடுங்கிற பொடி உயிர்கள் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடும். முள்ளுப்புழு இடுக்குக்குள் வாலை வைச்சுக்கிட்டு மீதி உடம்பை நீட்டி, மீன் மிச்சம் விட்ட தீனியைத் துழாவும். கேலக்ஸியா மாதிரிப் பவளம் பகலில் காட்டாத நீளக் கொடுக்கு இழைகளை வெளியே விடும். அழகுதான், ஆனா அது பக்கத்துப் பவளத்தைச் சுடுறதுக்கு. சுற்றிலும் அரை அடியாவது காலியா விடணும்.

கொளத்தூர் பக்கம்:
சென்னையில் தொட்டி கவிழ்வது பெரும்பாலும் தண்ணீரால். வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். அதில் பலவற்றில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருக்கும்; ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். பாசி பிடிக்க அது போதும். ரீஃபுக்குத் தனி ஆர்.ஓ., அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின், டி.டி.எஸ். மீட்டரில் 0. போர் தண்ணீர் 1000 டி.டி.எஸ். என்றால் மெம்பிரேன் 95 சதவீதம் பிடித்தாலும் 50 மிச்சம். ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். நிறம் மாறும் ரெசின் வாங்கினால் தீர்ந்தது கண்ணுக்குத் தெரியும்.

20 லிட்டர் கேனுக்கு ரீஃப் தொட்டிக்கான கடல் உப்பு 700 முதல் 750 கிராம். தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது: கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு) வர வேண்டும். அதை 35 பி.பி.டி. திரவத்தால் சரிபாருங்கள்.

அடுத்தது சூடு. தொட்டிக்கு 25, 26 டிகிரி வேண்டும். மே மாதத்தில் அறையே 33ஐத் தாண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் இரண்டு, மூன்று டிகிரி குறைத்தாலே பெரிது, தண்ணீரும் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரால் ஈடு செய்யுங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. 200 லிட்டருக்கு 1/10 எச்.பி. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) போதும் என்பார்கள். நம் வெயிலுக்கு அது ஓயாமல் ஓடும், 1/4 எடுங்கள். சில்லரை அலமாரிக்குள் அடைத்தால், அது வெளியே விட்ட சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும்.

மாடிவீடு:
கரண்ட் போனால், தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாய் வழியாகவே அது கீழே சம்ப்புக்கு (தொட்டிக்கு அடியில் வைக்கிற வடிகட்டும் தொட்டி) இறங்கி ஹாலெல்லாம் வழியும். தொட்டி நிரப்பிய அன்றே பம்ப்பை அணைத்துப் பாருங்க. இறங்கி நின்ற பிறகும் சம்ப்பின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் இருக்கணும். பம்ப் ஓடும்போது சம்ப்பில் உள்ள மட்டத்தில் மார்க்கர் கோடு போடுங்க, அதுக்கு மேல நிரப்ப வேண்டாம். காற்று புகுந்து தண்ணீர் திரும்பி இறங்குறதை (சைஃபன்) நிறுத்த ரிட்டர்ன் குழாயில் போட்ட ஓட்டையை நத்தை அடைச்சிடும், மாசம் ஒருமுறை குத்தி விடணும். இன்வெர்ட்டரில், தண்ணீரை அலைக்கிற வேவ்மேக்கர் மட்டும் ஓடினாலே மூச்சுக்குப் போதும். சில்லரை அதில் மாட்டாதீங்க.

இன்னொண்ணு: ஏ.சி. போட்டு மூடிய படுக்கையறையில் ராத்திரி பி.எச். 7.8க்கு இறங்கும். நம்ம மூச்சுக் காத்துதான் காரணம். பி.எச். ஏற்றுகிற பஃபர் கொட்டாமல், காற்றுக் குமிழால் அழுக்கைப் பிரிக்கிற ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் வழியா வெளியே விடுங்க.

உப்புத்தண்ணி:
பெசன்ட் நகர்க் கடல் தண்ணீர் கேனில் கிடைக்குதேன்னு இறங்காதீங்க. பக்கத்திலேயே அடையாறு கலக்குது, வடகிழக்கு மழையில் உப்பும் குறையும். பாறைக்கு செராமிக் போதும். கடலில் எடுத்த கல்பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கு. செத்த எலும்புக்கூடும் சேர்த்தித்தான். இறக்குமதின்னு சொன்னா சைட்டீஸ் (அழியும் உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பேப்பர் கேளுங்க. ஆரம்பத்துக்கு மஷ்ரூம், ஜோவாந்திட் ரெண்டு பவள வகையும் போதும். ஜோவாந்திட் ஒட்டின கல்லை மட்டும் வெந்நீரில் போடவோ பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது: சிலதில் பாலிடாக்ஸின் விஷம் உண்டு, ஆவியிலேயே ஆளைச் சாய்க்கும். வெட்டும்போது கையுறை, கண்ணாடி ரெண்டும் கட்டாயம்.