கப்பலில் சாப்பாட்டு மேஜை: தனியாகவா, சேர்ந்தா?

வணக்கம். மயிலாப்பூரிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் அப்பா அம்மாவை சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குரூஸுக்குக் கூட்டிப் போகிறேன், 4 ராத்திரி. டிக்கெட், கேபின் எல்லாம் ஆகிவிட்டது. ராத்திரி சாப்பாட்டில்தான் குழப்பம். மெயின் டைனிங் ரூமில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தனி மேஜை கேட்கலாம். இல்லையென்றால் 8 பேர் உட்காரும் பொது மேஜை.

அப்பாவுக்குப் பேச ஆள் வேண்டும். கோயம்புத்தூர் ரயிலில் அரக்கோணம் வருவதற்குள் எதிர் சீட்டுக்காரரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரை கேட்டுவிடுவார். அம்மா சுத்த சைவம், கையால் பிசைந்துதான் சாப்பிடுவார். போன மாதம் ஒரு ரிசப்ஷனில் பக்கத்துத் தட்டில் வறுத்த மீன் வந்ததும், தயிர்சாதத்தில் இரண்டு வாய் எடுத்துவிட்டு எழுந்துவிட்டார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆசையாகக் கூட்டிப் போய் அவரைப் பட்டினி போட எனக்கு மனசில்லை.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். சைவக் குடும்பங்களோடு உட்கார வைக்கச் சொன்னால் செய்வார்களா? முதல் ராத்திரி ஒத்துவரவில்லை என்றால் மறுநாளே மேஜையை மாற்றித் தருவார்களா? காலை, மதியம் பஃபேயில் அப்பா நாலு பேரோடு பேசட்டும், ராத்திரிக்குத் தனி மேஜை போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வயதான பெற்றோரோடு போனவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?