கோவா சவேரியார் திருப்பண்டம்: போகிறவர்களுக்கு

டிசம்பர் 3 திருவிழா அன்று, மறைபரப்பாளர் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடலை (திருப்பண்டம், அதாவது வணக்கத்துக்காகப் பாதுகாக்கும் புனிதரின் எச்சம்) கிட்டத்தில் பார்க்கலாம் என்று நம்பிப் பழைய கோவாவுக்கு வருகிறவர்கள் ஏராளம். பார்க்க முடியாது. உடல் உள்ள வெள்ளிப் பேழை போம் ஜீசஸ் பேராலயத்தில், 1698இல் நிறுவிய பளிங்குக் கல்லறையின் உச்சியில் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்தால் கண்ணாடிக்குள் நிழலாட்டம்தான் தெரியும். பேழையை இறக்குவது பத்து வருஷத்துக்கு ஒருமுறை. கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை எதிரிலுள்ள சே கதீட்ரலில் வைத்தார்கள். அப்போதும் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் வணங்கலாம். பாதத்தை முத்தமிடுவதெல்லாம் பழைய காலத்தோடு போயிற்று.

---

மேலே சொன்னதோடு ஒன்று. "அழியா உடல்" என்றே எல்லோரும் எழுதுகிறோம். போய்ப் பார்ப்பவர் கண்ணில் படுவது காய்ந்து சுருங்கிய உடல். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1552 டிசம்பரில் சீனக் கரையோரச் சான்சியான் தீவில் இறந்தபோது, சதை சீக்கிரம் கரைந்தால் எலும்பை எடுத்துப்போக வசதி என்று பெட்டிக்குள் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். 1553 பிப்ரவரியில் தோண்டினால் உடல் அப்படியே இருந்தது. வியப்பு அங்கேதான். பிறகு மலாக்காவில் பெட்டியில்லாமல் மறுபடி புதைத்து, எடுத்து, 1554 மார்ச்சில் கோவா சேர்த்தார்கள். இத்தனை அலைச்சல், போதாததற்குத் திருப்பண்டமாக வெட்டியெடுத்த துண்டுகள்!

---

வலக்கையைக் கோவாவில் தேடாதீர்கள். 1614இல் முழங்கைக்குக் கீழே வெட்டி ரோமுக்கு அனுப்பிவிட்டார்கள். இயேசு சபையின் ஜெசு ஆலயத்தில், உள்ளே போகையில் வலப்பக்கச் சிறகிலுள்ள சவேரியார் பீடத்தில் இருக்கிறது. முத்துக்குளித்துறைப் (தூத்துக்குடிப் பக்கக் கடற்கரை) பரதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த கை என்பதால் நம்மூர்க்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பற்று.

---

கோவாவில் போம் ஜீசஸ் பேராலயக் கட்டடத்தையும் கவனியுங்கள். வெளிச்சுவர் செம்புராங்கல் சிவப்பாகத் தெரிவதை அழகு என்று படமெடுக்கிறோம். அது அப்படிக் கட்டியதல்ல. 1950களில் சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டார்கள். செம்புராங்கல் துளைத்துளையான கல், பூச்சில்லாமல் கோவா மழையைத் தாங்காது. தண்ணீரைக் குடித்து விளிம்பு பொடிந்து உதிர்கிறது. திரும்பப் பூச வேண்டுமென்ற பேச்சு எழுந்தால், "சிவப்புதான் அடையாளம்" என்று ஒரு கூட்டம் எதிர்க்கிறது. உள்ளே இருக்கும் பேழையை நினைத்தால் பூசுவதே சரி.

---

வழி: கொங்கண் ரயிலில் கர்மாலி நிலையம்தான் பக்கம், அங்கிருந்து ஆட்டோ. பஞ்சிமிலிருந்து சுமார் 10 கி.மீ., பஸ் உண்டு. நவநாள் (திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் வழிபாடு) நவம்பர் 24இல் தொடங்கும். கூட்டம் வேண்டாமென்றால் அதற்கு முன்பே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை.