வைப்பர் சத்தம்

மழை நாளில் லாரி மோதிய அந்த விபத்தில் எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதனாலேயே ஏழு மாதம் யாரிடமும் போகவில்லை. கை கால் முறிந்தவர்களே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், எனக்கென்ன கேடு என்று இருந்துவிட்டேன். ஆனால் வைப்பர் ஓடும் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வியர்க்கும். பழசு நினைவுக்கு வருகிற மாதிரி இல்லை. மறுபடி அதே சீட்டில் உட்கார்ந்திருப்பேன். முதலில் காரில் போவதை நிறுத்தினேன், அப்புறம் பஸ்ஸில். கடைசியில் வானம் இருட்டினாலே லீவு.

முதல் சில வாரம் இப்படி இருப்பது சகஜம், பலருக்குத் தானாக அடங்கிவிடும் என்றார் மனநல மருத்துவர். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் அன்றாடத்தைக் கெடுத்தால்தான் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) என்பார்களாம்.

மறக்க வழி சொல்வார்கள் என்று நினைத்துத்தான் தெரபிக்குப் போனேன். நடந்தது நேர்மாறு. கண்ணை மூடிக்கொண்டு, அன்று நடந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். முதல் நாள் 95. இரண்டாம் வாரம் கெட்ட கனவு கூடிப்போய், நின்றுவிடலாம் என்றே இருந்தேன். (நிற்காததற்குக் காரணம் துணிச்சல் இல்லை, மனைவிதான்.)

'நான் கத்தியிருந்தால் டிரைவர் பிரேக் போட்டிருப்பார்' என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஆறாவது தடவையோ ஏழாவதோ, சொல்லும்போதே உறைத்தது: லாரி கண்ணில் பட்டதற்கும் மோதியதற்கும் இடையில் மூச்சு இழுக்கக்கூட நேரமில்லை. அன்று நிறைய அழுதேன். அடுத்த வாரம் அதே கதையைச் சொல்லும்போது கொட்டாவி வந்தது!

* * *

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு விபத்து இல்லை, ஐசியூவில் 19 நாள். வீட்டுக்கு வந்தபின் மைக்ரோவேவ் பீப் அடித்தாலும் மூச்சு முட்டும். பிழைத்து வந்தவள் சந்தோஷமாக இருக்க வேண்டாமா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எனக்குச் செய்தது இஎம்டிஆர் என்ற தெரபி. ஐசியூ காட்சியை மனதில் பிடித்துக்கொண்டே, இடமும் வலமுமாக அசையும் தெரபிஸ்டின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். இதென்ன மந்திரவாதம் என்று சிரித்தேன். ஏன் வேலை செய்கிறது என்பதில் நிபுணர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லையாம். எனக்கு வேலை செய்தது. நீங்கள் மறுபடி பஸ் ஏறினீர்களா?

* * *

ஏறினேன். முதலில் நின்ற காரில் வைப்பரைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம், அப்புறம் தெருமுனை வரை. நேற்று நல்ல மழை, பஸ்ஸில்தான் வந்தேன். பதற்றம் 30 இருக்கும்.