புதுப்பிப்பு: உகு விதைகள் முளைத்துவிட்டன

நைஜீரியாவின் லாகோஸில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நட்ட உகு கொடி (கீரைக்கும் விதைக்கும் வளர்க்கும் பூசணிக் குடும்பக் கொடி) விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று 2 மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"விதையைக் காயவைக்காதீர்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஊரில் பூசணி விதையை உலர்த்துவதுபோல இதையும் வெயிலில் உலர்த்தியிருந்தேன். உகு விதையில் ஈரம் வற்றினால் உயிரும் போய்விடும். சந்தையில் முற்றிய காய் ஒன்றை வாங்கி, பிளந்த மறுநாளே 12 விதைகளை நட்டேன். இரண்டு வாரங்களில் 9 முளைத்தன.

நான் எதிர்பாராதது ஒன்று: பிளந்த காய்க்குள்ளேயே 2 விதைகள் முளைவிட்டிருந்தன! அவைதான் இப்போது பந்தலில் முந்தி ஏறுகின்றன.

ஆண், பெண் கொடிகள் தனித்தனி, பூக்கும்வரை தெரியாது. வேகவைத்துத் தின்ன விதை வேண்டுமானால் இரண்டும் தேவை. அதனால் ஒன்றையும் பிடுங்கவில்லை.