அப்பா விழுந்து வாரங்கள் ஆகிவிட்டன, இப்போது நடை தடுமாறுகிறது. மூளையைச் சுற்றி ரத்தக் கசிவாக இருக்குமா?

ஈசூன் மகள்:
அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 76. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைச் சில ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தலை சுவரில் இடித்துவிட்டது. மயக்கமில்லை, ரத்தம் வரவில்லை. லேசாக வீங்கியது, ஐஸ் வைத்ததும் வடிந்துவிட்டது. தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயிலுக்குக்கூட வந்தார்.

பங்குனி பிறந்ததிலிருந்து ஆள் மாறிக்கொண்டே வருகிறார். காலையில் காப்பிக் கடையில் நண்பர்களோடு பேசிவிட்டு வருபவர், இப்போது பசியாறியதும் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். இடது காலில் செருப்பு நிற்பதில்லை. தாழ்வாரத்தில் அது கழன்று கிடக்க, அவர் பாட்டுக்கு மின்தூக்கி வரை போய்விடுகிறார். நேற்று என்னை அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் தலைவலி என்கிறார். வயதானால் வரும் மறதிதான் என்கிறார் அண்ணன். பலதுறை மருந்தகத்தில் அடுத்த வாரம் வழக்கமான ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா? அவ்வளவு சிறிய அடி இவ்வளவு நாள் கழித்துத் தொல்லை தருமா?

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, பொறுக்க வேண்டாம். இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, வாந்தி எடுக்கிறார், வலிப்பு வருகிறது என்றால் டாக்சி தேடாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். மருந்துப் பையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் இடத்திலேயே மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: தலையில் அடிபட்டது, வார்ஃபரின் சாப்பிடுகிறார், இடது கால் பலமிழக்கிறது. மறதி என்று மட்டும் சொன்னால் அவசரம் யாருக்கும் புரியாது. இன்றிரவு வார்ஃபரின் கொடுப்பதா என்பதை அங்கே மருத்துவர் சொல்லட்டும்.

நான் பல ஆண்டுகள் நரம்பியல் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தவள். நீங்கள் எழுதியிருப்பதைப் போன்ற கதையோடு வந்த முதியவர்கள் அங்கே ஏராளம். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். மண்டையோட்டின் உட்புறம் இருக்கும் தடித்த சவ்வுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் சிறு சிரைகள் அப்போது இழுபட்டு நிற்கும். லேசான குலுக்கலில்கூட ஒன்று கிழிந்துவிடலாம். அதிலிருந்து ரத்தம் பீறிடுவதில்லை, மெல்லக் கசிகிறது. பிறகு அந்த ரத்தத்தைச் சுற்றி உடல் ஒரு மெல்லிய உறையைக் கட்டுகிறது. உறையில் முளைக்கும் புது நாளங்கள் மிகவும் பலவீனமானவை, அவையும் கசியும். இப்படித்தான் விழுந்து மூன்று வாரம், ஏன் இரண்டு மாதம் கழித்துக்கூட மூளை அழுத்தப்படுகிறது. வார்ஃபரின், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

கிளம்புவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அவரை உட்கார வைத்து, கண்ணை மூடி, இரு கைகளையும் உள்ளங்கை மேலே இருக்கும்படி நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை மெல்லத் தாழ்ந்து உட்பக்கம் திரும்பினால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாழவில்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தோ பாயோ கதிர்:
அக்கா சொல்வதைக் கேளுங்கள். என் அம்மாவுக்கு வந்தது வேறு வகை, அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர், பிடரியில் யாரோ ஓங்கி அடித்ததாகச் சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நொடியில் உச்சத்துக்குப் போன தலைவலி. பிறகு வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம். மூளைத் தமனியில் புடைத்திருந்த ஓரிடம் வெடித்திருந்தது. விபத்தில்லாமல் மூளையின் மேற்பரப்பில் ஏற்படும் இந்த வகைக் கசிவில் சுமார் 85 விழுக்காட்டுக்கு அதுதான் காரணமாம். உயர் ரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் அதற்கான ஆபத்தைக் கூட்டுகின்றன.

தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் உலோகச் சுருளை நிரப்பி அடைத்தார்கள். சிலருக்கு மண்டையைத் திறந்து கிளிப் போடுவார்களாம். அடைத்ததோடு கவலை தீரவில்லை. நான்காம் நாள் தொடங்கி இரண்டு வாரம் வரை மூளை நாளங்கள் இறுகலாம். அதனால் வரும் பாதிப்பைக் குறைக்க 21 நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நிமோடிபின். நள்ளிரவிலும் எழுப்பிக் கொடுத்தார்கள். அப்படியொரு தலைவலி யாருக்கு வந்தாலும் பனடால் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். சிடி ஸ்கேன் முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் கசிவு ஏறக்குறைய தப்பாமல் தெரிந்துவிடும். தாமதமானால், ஸ்கேனில் தெரியாத கசிவைத் தேட முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

ஈசூன் மகள்:
அக்கா, இடது கை தாழ்ந்தது. அண்ணனே காரை எடுத்துவிட்டார். ஸ்கேனில் வலப்பக்கம் பிறை வடிவில் கருமையாகத் தெரிந்தது. முதலில் வைட்டமின் கேயும் உறைதல் காரணிகளும் ஏற்றி வார்ஃபரினின் வேலையை நிறுத்தினார்கள். பிறகு மண்டையோட்டில் இரண்டு சிறு துளைகள். வெளியே வந்தது எஞ்சின் எண்ணெய் போல் கறுத்திருந்ததாக அறுவை மருத்துவர் சொன்னார். வடிகுழாய் இன்னும் இருக்கிறது. இன்று காலை என் பெயரைச் சரியாகச் சொல்லி, காப்பி கேட்டார். இது திரும்ப வருமா? வார்ஃபரின் இல்லாமல் இதயம் என்னாவது?

ஓய்வுபெற்ற தாதி:
படித்ததும் மனம் நிறைந்துவிட்டது, தங்கச்சி. திரும்ப வரலாம். வடிகுழாய் வைப்பதே அதைக் குறைக்கத்தான். 2009இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 24 விழுக்காட்டினருக்கு மீண்டும் கசிவு சேர்ந்தது, வைத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்குத்தான். வீட்டுக்கு வந்த பின் பழைய தூக்கமோ தடுமாற்றமோ தலைகாட்டினால் மறுபரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அழைத்துப் போங்கள்.

வார்ஃபரினை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். அது இல்லாவிட்டால் இதயத்தில் ரத்தக்கட்டி உருவாகி மூளை நாளத்தை அடைக்கலாம், சீக்கிரம் தொடங்கினால் மறுபடி கசியலாம். இதய மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் கலந்து பேசி நாள் குறிக்கட்டும். எந்தத் தேதியில், எந்த மருந்து, எந்த அளவு என்பதை வீட்டுக்கு அனுப்பும்போது எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குளியலறைக்குக் கைப்பிடியும் வழுக்காத தரையும் வேண்டும். முதியோர் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு இதில் அரசாங்க மானியம் உண்டு. அப்பா வீடு திரும்புமுன் விண்ணப்பித்துவிடுங்கள்.