ஒன்றரையா, ஏழரையா?

வைகைக்கரை:
ஞாயிற்றுக்கிழமை மனநல ஆலோசகர்களின் கூட்டம் ஒன்றில் மூத்த ஆலோசகர் ஒருவர் பேசினார். "புதிதாக வருகிறவர்களுக்கு மாதம் ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷன் தாராளம், பிரிட்டனிலேயே அவ்வளவுதான்" என்றார். கைதட்டல் வேறு. நாம் பார்க்கும் கேஸ்களை அனுபவமுள்ள ஒருவரிடம் வைத்துப் பேசுவதுதான் சூப்பர்விஷன், அதற்கு மாதம் ஒன்றரை மணியா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரம் 22 பேரைப் பார்க்கிறேன். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒருவர் எழுந்து போனால், எனக்குக் கேட்க ஆள் வேண்டியது அன்றைக்கு ராத்திரி. மாதக் கடைசி சனிக்கிழமை இல்லை.

பழைய நாற்காலி:
அந்த மூத்த ஆலோசகர் நான்தான். அங்கேயே எழுந்து கேட்டிருக்கலாமே தம்பி, மைக் சும்மாதான் கிடந்தது. நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பிரிட்டனில் ஆலோசகர்களுக்கான சங்கம் பிஏசிபி. அதில் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மாதம் ஒன்றரை மணி நேரம். எழுத்தில் இருக்கிறது. 24 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
"குறைந்தது ஒன்றரை மணி" என்று எழுத்தில் இருக்கிறது. "குறைந்தது" மேடையில் எங்கே போனது? இன்னொன்று, அது புதியவருக்கு மட்டும் இல்லை. தலை நரைத்தவரும் தொழிலில் இருக்கும்வரை போய் உட்கார வேண்டும். சார் கடைசியாக யார் முன்னால் உட்கார்ந்தீர்கள்?

பழைய நாற்காலி:
என்னைக் கேட்க நீங்கள் யார்? முதலில் உங்கள் ஆர்.சி.ஐ. எண், அதான் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்த எண், என்ன? விதி ஒன்றரை மணி. நான் தருவதும் ஒன்றரை மணி. பேச்சு முடிந்தது.

மலைக்கோட்டை:
ஒரு சந்தேகம். தொழிலில் முன்னே போக வழி சொல்வது வேறு, ஒவ்வொரு கேஸையும் வைத்துப் பேசுவது வேறு. முன்னது மென்டார், பின்னது சூப்பர்விஷன். நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்?

வைகைக்கரை:
அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். சார், அந்த ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். ஜூமில் பன்னிரண்டு பேர். தலைக்கு ஆயிரம் ரூபாய். போன மாதம் என் கேஸ் வருவதற்குள் "அடுத்த முறை பார்ப்போம்" என்று முடித்துவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பன்னிரண்டு பேரா! சார் பிடித்துக்கொண்டிருக்கும் அதே பிஏசிபி என்ன சொல்கிறது தெரியுமா? பெரிய குழு என்றால் நேரத்தைத் தலைக்கு வகுத்துத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். 90 நிமிடம், 12 பேர். ஆளுக்கு ஏழரை. சனிக்கும் அதே கணக்குதான்.

பழைய நாற்காலி:
நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. மற்றவர் கேஸைக் கேட்பதும் பாடம்தான். நாங்கள் படிக்கும்போது பேராசிரியர் பின்னால் நின்று குறிப்பு எழுதினோம், டீ வாங்கி வந்தோம், பணம் கேட்டால் கொடுத்தோம். யாரும் நிமிடத்தை வகுக்கவில்லை. ஒன்றரை மணி என்றால் ஒன்றரை மணி.

செவ்வந்தி:
டீ கதை வந்துவிட்டதே, நானும் சொல்கிறேன். முதல் வேலையில் எனக்குச் சம்பளம் கொடுத்தவரே சூப்பர்வைசர். ஒரு கேஸில் தடுமாறினேன் என்று அவரிடம் மனம் விட்டுச் சொன்னேன். அந்த வருடம் சம்பள உயர்வு இல்லை. "நீங்களே தடுமாறுகிறேன் என்றீர்களே" என்றார். அதற்குப் பிறகு எல்லாக் கேஸும் நன்றாகப் போவதாகத்தான் சொல்வேன்.

மலைக்கோட்டை:
இது நூறு வருடச் சண்டை மேடம். 1920இல் பெர்லினில் மக்ஸ் ஐட்டிங்கோன் என்ற மருத்துவரின் ஆட்கள் உளப்பகுப்பாய்வு மருத்துவமனை திறந்தபோது, பயிற்சி பெறுகிறவரின் கேஸைப் பார்க்கத் தனி ஆள் என்று வைத்தார்கள். புடாபெஸ்டில், பயிற்சி பெறுகிறவரின் மனதை யார் பகுத்துப் பார்க்கிறாரோ அவரே கேஸையும் பார்க்கட்டும் என்றார்கள். ஒரே ஆள் இரண்டு வேலை செய்யலாமா என்ற கேள்வி அப்போதே...

பழைய நாற்காலி:
பெர்லின், புடாபெஸ்ட் எல்லாம் எதற்கு? நம் ஊர்ச் சட்டத்துக்கு வாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவருக்கு இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்., மேற்பார்வையோடு கூடிய பயிற்சி என்று இருக்கிறது. அதை முடித்தவன் நான். ஆறு மாத டிப்ளமோ வாங்கிப் பலகை மாட்டியவர்கள் எனக்கு வகுத்தல் சொல்லித்தர வேண்டாம்.

வைகைக்கரை:
நான் எம்.எஸ்சி. சார், டிப்ளமோ இல்லை. உங்களுக்கே தெரியும். எம்.ஃபில். இடம் எத்தனை இருந்தது, போட்டி எவ்வளவு இருந்தது என்பதும் தெரியும். இரண்டு வருடம் மேற்பார்வையில் இருந்ததாகப் பெருமையாகச் சொல்கிறீர்கள். எங்களுக்கு மட்டும் ஏழரை நிமிடம்?

பழைய நாற்காலி:
ஒன்றரை மணி.

கணக்குப்பிள்ளை:
ஏழரை.

செவ்வந்தி:
கட்டணம் ஆயிரம் என்பதை யாரும் பேசவே இல்லை. தொடக்கத்தில் எனக்கு ஒரு அமர்வுக்குக் கிடைத்ததே ஐந்நூறு.

பழைய நாற்காலி:
செவ்வந்தி மேடம், நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். போன வருடப் பட்டறையில் சான்றிதழில் பெயர் தப்பாக வந்ததற்கு என்னோடு பேசாமல் போனவர். அந்தக் கோபத்தை இங்கே இறக்க வேண்டாம். அச்சகத்தின் தப்பு அது.

செவ்வந்தி:
இரண்டு முறை மெயிலில் எழுத்துக்கூட்டி அனுப்பினேன். இரண்டாவது சான்றிதழிலும் "செல்வந்தி". இந்தச் சம்பளத்தில்!

மலைக்கோட்டை:
ஆலோசகர்கள் குழுவில் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டால் நன்றாக இருக்கும்.

பழைய நாற்காலி:
கேட்கிறேனே, மாதம் ஒன்றரை மணி நேரம்! வேண்டாதவர்கள் வர வேண்டாம். காத்திருப்புப் பட்டியலில் நான்கு பேர் இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
அவர்களும் சேர்ந்தால் பதினாறு. ஆளுக்கு ஆறு நிமிடம்கூடத் தேறாது. சனியே பரவாயில்லை.

வைகைக்கரை:
கணக்கு சார், அவர் யாரிடம் போய் உட்கார்ந்தார் என்று நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய நாற்காலி:
முதலில் ஆர்.சி.ஐ. எண்.